ஜூலை மாதத்தைக் கழற்றிய கதை

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்கள், தலைப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். கல்கத்தாவில் நம்மவர் கொண்டாடும் நவராத்திரியைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். "நான் கொலு வச்சதே கிடையாதே" என்றேன். செயலாளர் முகம் வாடிப்போய், "அப்படின்னா உங்க ஆபீஸ் அனுபவத்தையே எழுதுங்க. ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தைந்து வருஷம் டேட்டாபேஸ் பார்த்தவள் நான். என் கணவர் இன்றைக்கும் யார் கேட்டாலும், "அவ கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிட்டு இருந்தா" என்றுதான் சொல்லுவார். ஆகவே இந்தக் கட்டுரையில் கொஞ்சம் பழி தீர்த்துக்கொள்ளும் எண்ணமும் உண்டு.

அப்பா மதுரையிலிருந்து பேங்க் மாற்றலில் இங்கே வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகி இன்றும் இருப்பது எல்லாம் காளிகாட்டில்தான். புள்ளியியல் படித்துவிட்டு ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரிசல்ட் தட்டச்சு செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், ரத்தம், சதை, சிறுநீர் என்று எதைக் கொடுத்தாலும் சோதித்துச் சொல்லும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டச்சு அலுத்துப்போய், தட்டியதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்க ஆரம்பித்தேன். கேட்டவளையே அதற்குப் பொறுப்பாக உட்கார வைத்துவிட்டார்கள். பாலிகஞ்சில் கூடம், ஊர் முழுக்க மாதிரி வாங்கும் கிளைகள், சால்ட் லேக் செக்டார் ஃபைவில் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு. நடுவில் இருபது வருஷப் பாடங்களை நான் இங்கே சொல்லப்போவதில்லை. எனக்கே அவற்றில் பாதி மறந்துவிட்டது.

நான் காத்த இரண்டு அட்டவணைகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று மாதிரி அட்டவணை: யார், எந்தத் தேதியில், எந்த எண்ணில் ரத்தமோ சதையோ கொடுத்தார்கள் என்ற விவரம். மற்றொன்று முடிவு அட்டவணை: இந்த எண் மாதிரியைச் சோதித்ததில் இன்னது தெரிந்தது என்ற விவரம். முடிவு வரிசையில் ஆளின் பெயர் இருக்காது. மாதிரி எண் மட்டும்தான் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால்தான் ஆள் யாரென்று தெரியும். எனவே ஒரு காவல் விதி போட்டிருந்தோம். தொழிலில் அதற்கு ஃபாரின் கீ என்று பெயர். இல்லாத மாதிரியின் பெயரில் முடிவு எதுவும் உள்ளே வர முடியாது. ஒரு முடிவாவது சுட்டிக்கொண்டிருக்கும் மாதிரியை யாரும் வெளியே எடுத்துப்போட முடியாது. நான் அழித்துவிடு என்று ஆணையிட்டாலும் டேட்டாபேஸ், மாட்டேன் என்று சொல்லிவிடும். மேலதிகாரி, கீழதிகாரி என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது.

எங்கள் மேலாளர் மித்ரா-தா. தா என்றால் அண்ணன். மேலதிகாரியையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். குரலை உயர்த்தி நான் அவரைக் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கும் நேரம் நீள நீள நாங்கள் நாற்காலியில் சுருங்கிக்கொண்டே போவோம். கருப்பு உப்புப் போட்ட எலுமிச்சை டீ, நவம்பர் பிறந்துவிட்டால் ஏசி அறைக்குள்ளேயும் குரங்குக் குல்லாய், மதியம் டப்பா நிறைய மீன். என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார். "லலிதா, உன் தயிர்சாதத்தைப் பார்த்தாலே எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு" என்பார். "உங்க மீன் என்னையே முறைக்குது, முதல்ல மூடி போடுங்க" என்பேன். வங்காளத்தில் பேசியதைத்தான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன். எந்த வரிசையைக் காட்டி எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது யாரோடது?"

மாதிரி அட்டவணை வளர்ந்து வளர்ந்து, ஒரு பெயரைத் தேடினால் கவுண்டரில் இருப்பவர் டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற நிலைக்கு வந்தது. மாதவாரியாகப் பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஜனவரி தனி, பிப்ரவரி தனி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அட்டவணை, உள்ளே மாதத்துக்கு ஒரு பெட்டி. தேடுவது வேகமாகும். இன்னொரு லாபமும் உண்டு: ஐந்து வருஷம் தாண்டிய மாதத்தை ஒரே ஆணையில் கழற்றிப் பழைய கிடங்குக்கு அனுப்பிவிடலாம். ரயிலில் கடைசிப் பெட்டியைக் கழற்றிவிடுவதுபோல அத்தனை சுலபம்.

ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் வைத்திருந்த டேட்டாபேஸ் பதிப்பில் ஒரு குறை. அட்டவணையைப் பிரித்துவிட்டால், அதைச் சுட்டுகிற காவல் விதியைப் போட முடியாது. பிரிக்கலாம் அல்லது காவல் வைக்கலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. மித்ரா-தா கண்ணாடியை அன்று இரண்டு தரம் துடைத்தார். கவுண்டரில் நோயாளிகள் நிற்கிறார்களே என்று கடைசியில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அப்போ காவலுக்கு ஆள் வேணும்" என்று எழுந்து போய், ஷெஃபாலி மாஷியோடு திரும்பி வந்தார்.

ஷெஃபாலி மாஷி எங்கள் மாடியின் டீ அறைக்குப் பொறுப்பு. மாஷி என்றால் சித்தி. என் வயதுதான் இருக்கும், ஆனாலும் ஊருக்கெல்லாம் மாஷி. மித்ரா-தா அன்று போட்ட சட்டம் இது: எதையாவது அழிக்கும் ஆணையோ கழற்றும் ஆணையோ ஓட்டுவதற்கு முன்னால், ஓட்டப்போகிறவர் டீ அறைக்குப் போய், என்ன செய்யப்போகிறோம் என்பதை மாஷிக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். மாஷி கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் ஆணையை ஓட்டக் கூடாது. அவ்வளவுதான். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாஷிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சம்பளத்துல ஏதாவது கூடுமா?" என்று கேட்டாள். மித்ரா-தா கூட்டியும் கொடுத்தார்.

சிரித்த வாயெல்லாம் ஒரு மாதத்திலேயே மூடிக்கொண்டன. எங்கள் ஆள் ஒருவர், ஒரு வருஷமாக உள்ளே நுழையாத டாக்டர்களின் கணக்குகளை நீக்கப்போவதாக மாஷியிடம் சொன்னார். மாஷி பால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே, "அதுல பிரசவத்துக்குப் போனவங்களும் இருப்பாங்களா?" என்று கேட்டாள். அவர் பேந்தப் பேந்த விழித்துவிட்டுத் திரும்பி வந்தார். பார்த்தால் இருந்தார்கள். அதிலிருந்து மாஷியிடம் போகும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போகிற அளவுக்கு எங்களுக்குப் பயம் வந்துவிட்டது.

இனி என் லட்சணத்தைச் சொல்லுகிறேன்.

துர்கா பூஜைக்கு முந்தைய கடைசி வேலைநாள். பிற்பகலோடு ஆபீஸ் மூடிவிடும். பாதிப் பேர் புதுத்துணியோடு வந்திருந்தார்கள். டிஸ்கில் இடம் குறைந்திருந்தது. விடுமுறைக்குள் நிரம்பிவிடக் கூடாதென்று ஐந்து வருஷம் தாண்டிய மாதங்களைக் கழற்ற உட்கார்ந்தேன். அந்தக் காலத்து முடிவுகள் ஏற்கெனவே கிடங்குக்குப் போயிருந்தன. முறைப்படி டீ அறைக்குப் போனேன். மாஷி பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஷி, அஞ்சு வருஷத்துக்கு முந்தி கொடுத்த மாதிரி விவரத்தையெல்லாம் எடுத்துக் கிடங்குல போடப்போறேன்."

"அந்த ரத்தத்தையெல்லாமா?"

"ரத்தம் எப்பவோ கொட்டியாச்சு. எழுதி வச்ச விவரம் மட்டும்."

"யாராவது திரும்பி வந்து கேட்டா?"

"அஞ்சு வருஷம் ஆச்சு மாஷி. யார் வந்து கேட்கப்போறாங்க?"

"சரி, உனக்குத் தெரியாததா" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். பதில் தெரியாமல் விழித்திருந்தால் சட்டப்படி நின்றிருப்பேன். வாய்க்கு வந்த பதில் சரளமாக வந்துவிட்டதால் நிற்கவில்லை. முடிவு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். லிஃப்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு ஜூலை மாதம் உள்பட ஆறு மாதங்களைக் கழற்றினேன். டேட்டாபேஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லுவதற்கு அதனிடம் விதியே இல்லையே.

நான் மறந்துபோனது மெழுகுக் கட்டியை. ரத்தத்தைத்தான் கொட்டிவிடுவோம். அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக்கி, பாலிகஞ்ச் கூடத்தின் அலமாரியில் வருஷக்கணக்காக வைத்திருப்பார்கள். பிற்காலத்தில் டாக்டர் புதிதாக ஒரு சோதனை கேட்டால் அதே கட்டியிலிருந்து சீவி எடுத்துச் சோதிப்பார்கள். புது முடிவு பழைய எண்ணின் பெயரில்தான் பதிவாகும். காகிதச் சீட்டில் கேட்பார்கள், கட்டியில் ஒட்டியிருக்கும் பட்டையை இயந்திரம் படிக்கும், முடிவு நேராக அட்டவணைக்கு வந்துவிடும். இத்தனையும் எனக்குத் தெரிந்த சங்கதிதான். ரிசல்ட் தட்டச்சு செய்த காலத்தில் அந்த அலமாரிக்கு எதிரில்தான் என் நாற்காலியே இருந்தது.

டிசம்பரில் டேட்டாபேஸின் புதுப் பதிப்பு எங்களுக்கு வந்தது. பிரித்த அட்டவணையைச் சுட்டியும் இனி காவல் விதி போடலாம் என்றது. நான் துள்ளிக் குதித்தேன். உண்மையாகவே, மூட்டு வலி மறுநாள்தான் தெரிந்தது.

ஆனால் சும்மா போட்டுவிட முடியாது. மாதவாரியாகப் பிரித்த அட்டவணையில், எண்ணும் மாதமும் சேர்ந்தால்தான் முழு அடையாளம். எங்கள் முடிவு அட்டவணையில் எண் மட்டும்தான் இருந்தது. எனவே முடிவு வரிசை ஒவ்வொன்றிலும் மாதத்துக்கு ஒரு புதுக் கட்டம் திறந்து, மாதிரி அட்டவணையைப் பார்த்து அதை நிரப்ப வேண்டும். நானும் முருகேசனும் அதில் இறங்கினோம். முருகேசன் தூத்துக்குடிக்காரர். இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கெட்டிக்காரர், ஆனால் பொறுமை மட்டும் கொஞ்சம் கம்மி. மொத்தமாக ஓட்டினால் கவுண்டர்கள் நின்றுபோகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினோம். இரண்டு வாரம் பிடித்தது. முடிவில் எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அந்த முடிவுகள் சொல்லும் எண்ணில் எந்த மாதத்திலும் மாதிரியே இல்லை.

"மேடம், இதுக்கெல்லாம் மண்டைய உடைக்க வேண்டாம். அப்படியே வெறுமையா விட்டுருவோம்" என்றார் முருகேசன். "கட்டத்துல ஒண்ணு வெறுமையா இருந்தா விதி அந்த வரிசையைக் கண்டுக்கவே கண்டுக்காது. இன்னிக்கே விதியைப் போட்டு முடிச்சிரலாம்."

அவர் சொன்னது சரி. விதியின் இயல்பே அதுதான். எல்லாம் நிரம்பியிருந்தால் சோதிக்கும், ஒன்று வெறுமையாக இருந்தாலும் பேசாமல் விட்டுவிடும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எத்தனையோ லட்சம் வரிசையில் நூற்றுப் பன்னிரண்டு என்பது ஒரு கணக்கா? இரண்டு பேருமாக மித்ரா-தாவிடம் போய்ச் சொன்னோம்.

குல்லாயைச் சரிசெய்துகொண்டு கேட்டார். கண்ணாடி கீழே இறங்கியது. துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதெல்லாம் யாரோடது?"

"தெரியல மித்ரா-தா. அதுதானே பிரச்சினை."

"தெரிஞ்சுட்டு வாங்க. நூத்திப் பன்னிரண்டுதானே. கோடியா இருந்தா நானே விட்டுடுன்னு சொல்லுவேன்." சொல்லமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒவ்வொன்றாக எடுத்தோம். நூற்றொன்பது வரிசைகள் இயந்திரத்தைச் சரிபார்க்கும்போது தொழில்நுட்ப ஆட்கள் போட்ட பொய் எண்கள். மூன்றுதான் மிஞ்சின. மூன்றும் நிஜமான எண்கள், நிஜமான முடிவுகள், மூன்றுமே போன மாதம் வந்தவை. எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அது அந்தப் பழைய ஜூலையின் வரிசை. என் கையால் நான் கழற்றிய ஜூலை.

அலமாரி ஞாபகம் அந்த நொடியில்தான் வந்தது. பாலிகஞ்ச் கவுண்டருக்குப் போன் போட்டேன். எடுத்தவள் ரீனா. என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு எண்களுக்கு டாக்டர்களே கூடத்துக்கு நேரில் வந்து முடிவைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்களாம். மூன்றாவது எண்ணைச் சொன்னேன். கடைசி நான்கு இலக்கம் நான்கு, நான்கு, ஏழு, ஒன்று.

"இந்த நம்பரா தீதி? இது கோஷ் பாபுவோட மனைவியோடது. அவர் தினமும் வந்து கேட்குறார். ஸ்க்ரீன்ல அடிச்சா இந்த எண்ணுல மாதிரியே இல்லைன்னு வருது. இன்னும் வரலைன்னு சொல்லிச் சொல்லி அனுப்பிட்டு இருக்கேன்."

"என்ன சோதனை?"

"அவங்களுக்குப் பழைய கேன்சர் திரும்ப வந்திருக்காம். ஒரு மருந்து இருக்கு, அது இவங்க உடம்புக்குப் பிடிக்குமான்னு பழைய மெழுகுக் கட்டியைச் சோதிச்சுத்தான் சொல்ல முடியுமாம். இந்த ரிசல்ட் இல்லாம டாக்டர் மருந்து ஆரம்பிக்க மாட்டேங்கறாராம்."

போனை வைத்தேன். ரிசல்ட் வந்து பதினாறு நாளாகியிருந்தது. எனக்கு மூன்றடி தூரத்தில், பத்திரமாக, யாருடையதென்று தெரியாமல் அது உட்கார்ந்திருந்தது. நாங்கள் வெறுமையாக விட்டிருந்தால், புதுக் காவல் விதியும் அதைக் கண்டுகொள்ளாமல் போயிருக்கும். அந்த அம்மாளின் நாட்களை நினைத்து எனக்கு அழுகை வந்தது. முருகேசன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நல்லவேளையாகக் கழற்றியதை அழித்திருக்கவில்லை. கிடங்கிலிருந்து ஜூலையைக் கொண்டுவந்து திரும்ப மாட்டினோம். மாட்டுவதும் ஒரே ஆணைதான். ரீனாவை மறுபடி அடித்துப் பார்க்கச் சொன்னேன். "வந்துடுச்சு தீதி" என்று அவள் கத்தியது போனே இல்லாமல் கேட்டிருக்கும். காகிதத்தை அச்சிட்டு டாக்டர் மேசைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு நான் டாக்சி பிடித்தேன். மித்ரா-தா போகச் சொல்லவில்லை. நான் கிளம்பியதைப் பார்த்துவிட்டுத் தடுக்கவும் இல்லை. சால்ட் லேக்கிலிருந்து பாலிகஞ்சுக்கு அன்றைக்கென்று ஊரே தெருவில் நின்றது.

கோஷ் பாபு ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். மடக்கிய குடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கவுண்டருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். போன வேகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ரிசல்ட் வந்துவிட்டது, பதினாறு நாளாகவே இருந்தது, அது தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். கழற்றியது, மாட்டியது எல்லாம் அவருக்குப் புரிந்திருக்க வழியில்லை. "நான்தான் காரணம்" என்பது மட்டும் புரிந்தது.

"ரிசல்ட் என்ன சொல்லுது?" என்றார்.

அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மாடியில் டாக்டர் இருந்தார். கோஷ் பாபு மேலே போனார். நான் கீழேயே நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. இறங்கி வந்தபோது குடையை மேலேயே மறந்துவிட்டிருந்தார்.

"அந்த மருந்து பிடிக்குமாம். நாளைக்கே ஆரம்பிக்கிறாங்க" என்றார். உட்கார்ந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பதினாறு நாளா மாலதிகிட்ட, க்யூ பெரிசு, நம்ம முறை இன்னும் வரலைன்னு சொல்லிட்டு இருந்தேன். க்யூவே கிடையாது. நீங்கதான் வழியில நின்னுட்டு இருந்திருக்கீங்க."

வாஸ்தவம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படியே இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மனுஷர் கொஞ்ச நேரம் கழித்து, "சால்ட் லேக்லேர்ந்தா வர்றீங்க? டீ குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டார். கல்கத்தாக்காரர்களிடம் இதுதான் தொல்லை. கோபித்துக்கொண்டிருக்கும்போதே டீ வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். வாசல் கடையில் மண் குவளையில் இரண்டு பேரும் குடித்தோம். குடையை எடுக்க நான்தான் மாடி ஏறினேன். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் தன் கைக்குட்டையை எனக்குக் கொடுத்துவிட்டு இறங்கிப்போனாள்.

மறுநாள் முதல் வேலையாக டீ அறைக்குப் போனேன். "மாஷி, திரும்பி வந்து கேட்டாங்க" என்றேன்.

நடந்ததைக் கேட்டாள். "மருந்து ஆரம்பிச்சாச்சா?"

"இன்னிக்கு ஆரம்பிக்கறாங்க."

"அப்போ இந்தா டீ." அதோடு விடுவாளா? "இனிமே நான் ஏதாவது கேட்டா, உனக்குத் தெரிஞ்ச மாதிரி முகத்தை வச்சுக்காதே. தெரியாத முகம்தான் உனக்கு நல்லா இருக்கு" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தை அடுத்த ஐந்து வருஷமும் முருகேசன் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

பொய் எண்களை நீக்கி, மூன்று கட்டங்களையும் நிரப்பி, இனி கட்டம் வெறுமையாக இருக்கவே கூடாது என்று இன்னொரு கட்டளையும் சேர்த்து, ஒரு சனிக்கிழமை காலையில் காவல் விதியைப் போட்டோம். ஓடி முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. சரி என்று ஒற்றை வரி வந்தது. மித்ரா-தா அன்று எங்கள் எல்லோருக்கும் பேரீச்ச வெல்லம் போட்ட பால் இனிப்பான நொலேன் குர் சந்தேஷ் வாங்கி வந்தார். எனக்கு மட்டும் இரண்டு தந்து, "ஒண்ணு விதிக்கு, ஒண்ணு பாலிகஞ்ச் போனதுக்கு" என்றார். வருஷம் திரும்புவதற்குள் அவர் ஓய்வு பெற்றார். மாஷிச் சட்டத்தை எடுத்துவிடலாமா என்று புது மேலாளர் கேட்டார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

கோஷ் பாபு முதல் வருஷம் பூஜைக்கு வாழ்த்து அனுப்பினார். பிறகு அவர்கள் வீடு மாறினார்கள் என்று ரீனா சொன்னாள். அப்புறம் செய்தி இல்லை. அந்த மாதிரி நோயில் செய்தி இல்லையென்றால் கேட்கவும் தைரியம் வராது. நானும் கேட்கவில்லை. எண்ணை மட்டும் மறக்கவில்லை.

என் கடைசி வாரத்துக்கு வருகிறேன். கிடங்குக்குப் போகவேண்டிய பழைய மாதங்கள் மறுபடி சேர்ந்திருந்தன. முடிவு அட்டவணையிலும் ஐந்து வருஷம் தாண்டியவற்றை ஏற்கெனவே எடுத்தாயிற்று. அந்தப் பதினாறு நாள் முடிவும் அதில் போய்விட்டது. ஆகவே அந்த ஜூலையைச் சுட்டி இனி ஒன்றும் இருக்காது. "நீங்களே கழட்டுங்க மேடம், கணக்கு நேர் ஆகட்டும்" என்றார் முருகேசன். இப்போது பொறுப்பெல்லாம் அவர்தான்.

டீ அறைக்குப் போனேன். "மாஷி, அந்தப் பழைய ஜூலையை எடுக்கப்போறேன்."

"யாராவது திரும்பி வந்து கேட்டா?"

"தெரியல" என்றேன்.

"அப்போ?"

"டேட்டாபேஸ்கிட்டயே கேட்டுப் பார்த்துடுவோம், வா."

அத்தனை வருஷத்தில் மாஷி எங்கள் அறைக்குள் டீ வைக்க வந்திருக்கிறாள்; திரையைப் பார்க்க வந்ததில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஆணையை அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிவப்பாக இரண்டு வரி வந்தது. கழற்ற முடியாது, இந்த மாதிரியை ஒரு முடிவு இன்னும் சுட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, எது என்றும் காட்டியது. கடைசி நான்கு இலக்கம் நான்கு, நான்கு, ஏழு, ஒன்று.

"என்ன மேடம்?" என்றார் முருகேசன். முடிவு அட்டவணையைத் திறந்து காட்டினேன். மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த புது வரிசை. வருஷாந்தரப் பரிசோதனைக்கு வந்தவரின் பழைய மெழுகுக் கட்டியை ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் கேட்டிருக்கிறார். குறிப்பில் ஒரே ஒரு வரி: நோயாளி நலமாக இருக்கிறார்.

"யாரோடது?" என்றாள் மாஷி, அச்சாக மித்ரா-தா மாதிரி.

"மாலதி கோஷோடது."

"அப்போ அவ இருக்கா."

"இருக்காங்க மாஷி."

மாஷி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "டீ போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடித்த ஆணையை நான் அழித்தேன். ஜூலையை அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன்.